பிரட்டுக்களமும் பயிற்சிக்களமும்

தேயிலைத் தோட்டங்களில் ‘இரட்டை லயம்’ எனப்படும் கட்டட வகையொன்று உண்டு. ஒரே தகரக் கூரையின் கீழ் இரு வரிசைகளாகக் காம்பராக்கள் அமைந்திருக்கும். இரு வரிசைகளையும் பிரிப்பது நடுச்சுவர் ஒன்றேயாகும். ஒரு குடும்பத்தின் பின்சுவரே மறுபக்கத்துக் குடும்பத்தின் பின்சுவராகவும் இருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட அக்காம்பராவுக்கு முன்னே இஸ்தோப்பு உண்டு. இஸ்தோப்புக்கு முன்னே கான் உண்டு. கானுக்கு அப்பால் தேயிலை உண்டு. பின்புறம் என ஒன்று இல்லை. நாட்டுப்புறத்து ஓலைக் குடிசைக்குங்கூட ஒரு கொல்லைப்புறம் வாய்த்திருக்க, ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகளின் தோட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக அச்சொல்லுக்கே பொருளற்ற வீடுகளிற் பிறந்து வளர்ந்தனர். ஒற்றை லயங்களின் நிலை சற்று மேலானது எனலாம். ஆயினும் ஆங்கும் பின்புறம் என்பது பல இடங்களில் வெட்டிய மண்திட்டும் அதனடியில் ஓடும் கானுமேயாகும்.

இவ்வமைப்பு கட்டடக் கலைஞர் ஒருவரின் மறதியால் விளைந்ததன்று. லயம் குடியிருப்பாகக் கருதிக் கட்டப்பட்டதே இல்லை. கோப்பிக் காலத்திலே தொழிலாளரை இரவில் அடைத்து வைப்பதற்கு எழுந்த கொட்டகை அது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் தேயிலையைப் பயிரிட்ட பின்னரும், இலைத்துரு நோயினாற் கோப்பி அழிந்து மலை முழுவதும் தேயிலையாக மாறிய பின்னரும், கொட்டகையின் இலக்கணம் மாறவில்லை. மாலையிற் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் உடல் மறுநாட் காலையில் மீண்டும் பிரட்டுக்கு வந்து நிற்க வேண்டும்; இடைப்பட்ட இரவுக்கு ஒரு கூரை போதும் என்பதே கணக்கு. அவ்வுடலுக்கு வேறு தேவைகள் இருக்கலாம், அது ஓடலாம், ஏறலாம், காரணமின்றித் துள்ளிக் குதிக்கலாம் என்னும் எண்ணம் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

தோட்டத்தில் மட்டமான வெளி முற்றாக இல்லாமலும் போய்விடவில்லை. பிரட்டுக்களம் இருந்தது. விடியுமுன் தப்பு முழங்க, ஆணும் பெண்ணும் வந்து வரிசையில் நிற்க, பெயர் கூப்பிட்டு, மலை பிரித்து, நிரை காட்டி அனுப்பிய இடம் அது. அன்றைய உழைப்புக்குப் பெயரே ‘பேர்’ என்பதாகும். முழு நாள் உழைத்தவருக்கு ஒரு பேர். அளவிற் குறைந்தவருக்கு அரைப்பேர். மனிதரை அரையாக எழுதும் பதிவேடு திறக்கப்பட்ட அதே வெளியிலேதான், துரையும் கணக்கப்பிள்ளையும் போன பின்னர், சிறுவர்கள் பலகைத் துண்டை மட்டையாக்கிப் பந்தடித்தனர். மலையகப் பிள்ளைக்கு வாய்த்த முதலாவது விளையாட்டுத் திடல் தாய் தந்தையரின் உடல்கள் எண்ணப்பட்ட களமேயாகும். இன்றும் பல தோட்டங்களில் நிலைமை இதுவே.

தோட்டத் துரைமாருக்கு விளையாட்டின் அருமை தெரியாமலிருக்கவில்லை என்பதையும் இங்கே கூறவேண்டும். திம்புள்ளைத் துரைமாரின் மெய்வல்லுநர், கிரிக்கெற் கழகம் 1856இல் அமைந்தது. ரதல்ல மைதானம் அதன் உடைமை. டிக்கோயா, மஸ்கெலியாத் துரைமார் 1868இல் தமக்கெனத் தரவளையில் ஒரு கழகத்தைக் கண்டனர். நுவரெலியாவிலே குதிரைப் பந்தயத் திடல் 1875இலும், ஹில் கிளப் 1876இலும், கோல்ப் திடல் 1889இலும் தோன்றின. மலையைத் தறித்து, மண்ணை வாரி, பள்ளத்தை நிரவி, புல் பதித்து இவ்வெளிகள் ஆக்கப்பட்டன. மண்வெட்டி பிடித்த கைகள் எவருடையவை என்பது கேட்டு அறியவேண்டிய செய்தியன்று. நடு நகரில் பதினெட்டுக் குழிகளைக் கொண்ட திடல் ஒன்றை ஒரு சிறு வெண்பந்துக்காக ஒதுக்க முடிந்த சமூகம், மக்கள் வாழும் லயத்துக்குப் பின்னே பத்தடி நிலத்தை ஒதுக்க முடியாதென்றது. நிலம் பற்றாமையால் அவ்வாறு கூறப்பட்டதென எவரேனும் வாதிப்பாராயின், அவர் கோல்ப் திடலை ஒருமுறை சுற்றிவந்து வாதிப்பது நன்று.

இப்போது நிலைமையில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்துள்ளது. லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் எழுகின்றன. குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்பது இத்திட்டங்களின் அளவு. இந்திய உதவியுடனான திட்டத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டிற் கூடிய பெருங்கூட்டத்தின் முன்னே இந்தியப் பிரதமர் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் சேர்க்கப்பட்டன. வீட்டின் பரப்பு 550 சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடியாகும். வீடு போக எஞ்சுவது 1,350 சதுர அடி. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மலையகத் தொழிலாளிக்குக் கிடைத்த கொல்லைப்புறத்தின் மொத்த அளவு இவ்வளவே. இதில் மலசலகூடம், தண்ணீர்த் தொட்டி, விறகுக் குவியல், துணி உலர்த்தும் கொடி, நான்கு பாத்தி மரக்கறி, இருக்குமாயின் ஒரு மாட்டுத் தொழுவம் ஆகிய அனைத்தும் அடங்கவேண்டும்.

அவ்வெளியில் 15 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட ஒரு துண்டைப் பிள்ளைகளின் உடற்பயிற்சிக்கென ஒதுக்க வேண்டும். அதனைப் பார்க்கூர் பயிலும் களமாக அமைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கோரிக்கை. இதனைக் கேட்டதும் சிரிப்போர் உளர், சினப்போரும் உளர். சிரிப்போரை விட்டுவிடலாம். சினப்போரின் நியாயங்கள் மறுமொழிக்குரியன.

பார்க்கூர் என்பது வழியிலுள்ள தடைகளை, அவை சுவராயினும் வேலியாயினும் பள்ளமாயினும், கருவி எதுவுமின்றி உடலின் ஆற்றலொன்றையே கொண்டு தாண்டிச் செல்லும் பயிற்சி. ஓட்டம், பாய்ச்சல், ஏறுதல், தொங்குதல், சமநிலை பேணல், உருண்டு இறங்குதல் என்பன அதன் கூறுகள். பிரான்சின் பாரிஸ் மாநகரை அடுத்த லிஸ், எவ்ரி ஆகிய புறநகர்களில், கொங்கிறீற் அடுக்குமாடிகளிடையே வளர்ந்த இளைஞர் சிலர் 1980களின் இறுதியிலும் 1990களிலும் இதற்கு உருக்கொடுத்தனர். டேவிட் பெல் அவர்களுள் முதன்மையானவர். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அக்குழுவில் இருந்தனர். 2017இல் பிரித்தானியா இதனை ஒரு விளையாட்டாக ஏற்றுக்கொண்டது.

முதலாவது கண்டனம் இது அந்நியச் சரக்கு என்பதாகும். மேலைநாட்டு மோகம் மலையகத்தையும் பிடித்துவிட்டதா என்று கேட்பர். கிரிக்கெற்றை வில்லூன்றிக் கந்தன் கண்டுபிடித்தான் என்பதுபோல அதனைக் கொண்டாடிக்கொண்டே இவ்வினாவை எழுப்புவதிலுள்ள வேடிக்கை ஒருபுறமிருக்க, வரலாறு வேறு செய்தியைக் கூறுகிறது. டேவிட் பெல்லுக்குப் பயிற்சியின் வித்தை ஊட்டியவர் அவருடைய தந்தையார் ரேமன் பெல். பிரெஞ்சுத் தந்தைக்கும் வியட்நாமியத் தாய்க்கும் பிறந்த அவர், போர்க்காலத்திலே பெற்றோரைப் பிரிந்து, டா லாட் நகரத்து இராணுவ அநாதை விடுதியிற் சிறுவனாக வளர்ந்தவர். டா லாட் என்பது பிரெஞ்சுக் குடியேற்றவாதிகள் வெப்பத்துக்கு அஞ்சி மலைமேற் கட்டிய உல்லாச நகரம். வியட்நாமின் நுவரெலியா என்றால் மிகையன்று. பிறர் தன்னைத் தொடமுடியாதவாறு ஓடவும் ஏறவும் தாண்டவும் அச்சிறுவன் அங்கே தன்னைத் தானே பழக்கிக்கொண்டான். பின்னர் பாரிசிலே தீயணைப்பு வீரனானான். அவனை அடுத்து அவன் மகன்.

இன்னும் ஒருபடி பின்னே சென்றால், இப்பயிற்சிக்கு அடிப்படையான ‘இயற்கை முறை’ உடற்கல்வியை வகுத்த ஜோர்ஜ் ஏபர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி தென்படுவார். குடியேற்ற நாடுகளில் தாம் கண்ட சுதேச மக்களின் கட்டான, இசைவான உடலசைவே தமக்கு வழிகாட்டியதென அவர் கருதினார். 1902இல் மார்த்தினீக் தீவின் எரிமலை வெடித்து சென் பியர் நகரம் அழிந்தபோது மீட்புப் பணியில் ஈடுபட்ட அனுபவம், பிறருக்குப் பயன்படுவதற்காகவே உடல் வலிமை பெறவேண்டும் என்ற முடிவுக்கு அவரை இட்டுச் சென்றது. ஆகவே இவ்வித்தையின் மூலம் எதுவெனத் தேடின், ஆளப்பட்ட மக்களின் உடலே அது. எடுத்துச் சென்றவரிடமிருந்து திரும்பப் பெறுவதை இரவல் என்பது பொருந்தாது.

மலையகத்திலேயே சான்று உண்டு. அருச்சுனன் தபசு ஆடும் இரவில், வேடந்தரித்தவர் பாடியபடி உயர்ந்த தபசு மரத்தின் உச்சிக்கு ஏறுகிறார். தோட்டம் முழுவதும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது. காமன் கூத்திலும் பொன்னர் சங்கரிலும் உடல் பெறும் வேகம், சிலம்பக் கம்பு சுழலும் கைகளின் இலாவகம் ஆகியன அனைவரும் அறிந்தவை. ஆண்டுக்கு ஓரிரவு தெய்வத்தின் பெயரால் அனுமதிக்கப்படும் அவ்வுடல், ஏனைய நாட்களில் கொழுந்துக் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் மட்டுமே உரியதென்பது எந்தச் சாத்திரம்?

இரண்டாவது கண்டனம் கனமானது. வயிறு காய்ந்திருக்கும் பிள்ளையிடம் குதி என்று சொல்வது கொடுமையல்லவா என்பர். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடளாவிய ரீதியில் 17.3 சதவீதத்தினர், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதத்தினர். மூன்றில் ஒரு பிள்ளை என்று சொல்லிவிடலாம். இவ்வெண்ணைக் கண்முன் வைத்துக்கொண்டு, முதலிற் சோறு, பின்னரே விளையாட்டு என வாதிப்போரின் உள்ளத்தூய்மையை ஐயுறவேண்டியதில்லை.

ஆயினும் இவ்வாதம் முதலாளித்துவத்தின் வாதத்தோடு எவ்வளவு எளிதிற் கைகோக்கிறது என்பது மனங்கொள்ளத்தக்கது. தொழிலாளிக்குச் சோறு போதும் என்று துரையும் சொன்னான்; அரிசியை அளந்து கொடுத்துக் கூலியிற் கழித்தான். உணவுக்கும் விளையாட்டுக்கும் வரிசை எண் கொடுத்து, முன்னதை முடித்துவிட்டுப் பின்னதைத் தருவோம் என்ற சமூகம், இருநூறு ஆண்டுகளில் முன்னதையும் முடிக்கவில்லை. வரிசையின் முடிவுக்குக் காத்திருந்த பிள்ளைகள் பெரட்டுக்குப் போகும் வயதை அடைந்துவிட்டனர். பிள்ளைப்பருவம் தவணை முறையிற் செலுத்தக்கூடிய கடனன்று. மேலும், ஊட்டமின்மைக்கும் வெளியின்மைக்கும் வேர் ஒன்றே. கறிவேப்பிலைக் கன்று நடவும் கோழி வளர்க்கவும் நிலமில்லாத குடும்பத்துக்கே பிள்ளை ஓடவும் நிலமில்லை. மரக்கறிப் பாத்திக்கும் பயிற்சிக்களத்துக்கும் இடையே போட்டி என்று கூறுவோர், அப்போட்டியை 1,350 சதுர அடிக்குள் அடைத்தவர் யார் என்று கேட்பதில்லை. பசித்த பிள்ளை பயிலக்கூடாது என்பது மட்டும் உண்மை. பள்ளி விட்டு வந்ததும் வெறுவயிற்றில் தாண்டச் சொல்லும் மடமையை எவரும் இங்கே பரிந்துரைக்கவில்லை.

மூன்றாவது கண்டனம் ஆபத்துப் பற்றியது. கூரைவிட்டுக் கூரை தாவும் திரைப்படக் காட்சிகளைக் கண்டோர் பார்க்கூர் என்றதும் முறிந்த எலும்பையே நினைக்கின்றனர். அச்சம் நியாயமானது, மருத்துவமனைக்கு வண்டி கிடைக்க ஒரு மணி நேரமாகும் மலையில் அது இருமடங்கு நியாயமானது. ஆனால் கொல்லைப்புறக் களம் வேண்டுமென்பதற்கு அந்த அச்சமே தலையாய காரணமாகும். களமில்லாத பிள்ளை சும்மா இருப்பதில்லை. அவன் கற்கட்டிலிருந்து கானைத் தாண்டுகிறான். நனைந்த தகரத்தில் ஏறுகிறான். மழையில் ஊறிய மண்திட்டில் சறுக்குகிறான். கற்கட்டு என்பது மண்ணைத் தாங்கி நிற்பது. அதன் மேற்கல் ஒன்று பெயர்ந்தால் பிள்ளை மட்டும் விழுவதில்லை, அடுத்த பெருமழையிற் சரிவும் தொடங்கலாம். 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மலையகம் மறந்துவிடவில்லை.

எனவே களம் எங்கே, எவ்வாறு அமையவேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். கண்டிப்பான முதல் விதி, களத்துக்காக மண்திட்டை வெட்டக்கூடாது. மட்டமாக எஞ்சியுள்ள துண்டையே கொள்ளவேண்டும். அது மட்டமாக இல்லாவிடினும் குறையில்லை. கிரிக்கெற்றுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் சமதரை வேண்டும். மலைநாட்டில் அதுவே கிடைக்காத பொருள். பார்க்கூருக்கோ மேடுபள்ளமே பாடம். மலைச்சரிவிற் பிறந்த மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டைத் தேடிப் பிடிப்பது கடினம்.

இரண்டாவது விதி நீர் பற்றியது. ஹற்றன் பகுதியில் மே முதல் தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும். பாசி படியும். மழை நீர் தங்காதவாறு களத்தின் மேற்புறத்தில் ஒரு சிறு கான் எடுத்து, அதனை வீட்டுக் கானுடன் சேர்த்துவிட வேண்டும். இறங்கும் இடத்தை ஓரடி ஆழத்துக்குக் கிளறி, அடியிற் கற்சல்லி பரப்பி, மேலே மரத்தூள் நிரப்பலாம். மலையில் மணல் விலையேறிய பண்டம். மரத்தூள் மர ஆலையிற் கிடைக்கும். நனைந்து இறுகியதும் அதனைப் பாத்திக்கு எருவோடு சேர்த்துவிட்டுப் புதியது நிரப்பவேண்டும். (அட்டைகள் வரத்தான் செய்யும். அவற்றுக்கு உப்புத்தூள் அல்லாது வேறு தத்துவம் இல்லை.)

கருவிகளுக்குப் பெருஞ்செலவு இல்லை. பட்டை உரித்த யூகலிப்டஸ் கம்பங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் மூன்றிலொரு பங்கு மண்ணுக்குள் இருக்கவேண்டும், மண்ணுக்குள் இருக்கும் பகுதிக்குத் தார் பூசவேண்டும். இரண்டு கம்பங்களுக்கு இடையே, பயில்வோரின் இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புக் குழாய். அது தாண்டிப் பழகுவதற்கு. மற்றிரண்டுக்கும் இடையே, கை உயர்த்தினால் எட்டும் உயரத்தில் இன்னொன்று, அது தொங்குவதற்கு. நிலத்திலிருந்து அரையடிக்கு மேற்படாத உயரத்தில் ஒரு நீண்ட மரக்கட்டை, சமநிலைக்கு. லொறிகளின் பழைய ரயர்களைப் பாதி புதைத்து, ஓர் எட்டுக்கு ஒன்றாக நிறுத்தினால் காலடி பழகும் வரிசை கிடைத்துவிடும். மண் நிரப்பிய ரயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றடுக்கி, நடுவே இரும்புக் கம்பி ஏற்றி இறுக்கினால் ஏறிப் பழகத் தாழ்ந்த சுவர் ஒன்றும் உண்டு. இவற்றுள் எதுவும் தோட்டத்துக்கு அந்நியமான பொருளன்று.

பயிலும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். முதலிற் கற்கவேண்டியது பாய்ச்சலன்று, இறங்குதல். முன்பாதத்தால் ஓசையின்றி நிலத்தைத் தொட்டு, முழங்காலை மடித்து, உடற்பாரத்தைத் தாங்கப் பழகவேண்டும். அடுத்தது உருளுதல்: ஒரு தோளிலிருந்து முதுகின் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்புக்கு உடலைச் சுருட்டி உருண்டு எழுவதால், விழும் வேகம் ஓரிடத்திற் குவியாது பரவிவிடுகிறது. இவ்விரண்டும் கைவரும்வரை இடுப்பளவு உயரத்தைக் கடக்க விடலாகாது. மழை நாளிற் களத்தை மூடிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் நிற்கவேண்டும். இவ்வாறு பயின்ற பிள்ளை தகரக் கூரையில் ஏறமாட்டான் என உறுதி கூற இயலாது. ஏறினால் இறங்கத் தெரிந்தவனாக இருப்பான் என்று கூறலாம்.

இதுவரை ‘அவன்’ என்றே எழுதப்பட்டதைக் கவனித்தோர் உளராயின், அடுத்த கண்டனத்தையும் அவர்கள் ஊகித்திருப்பர். பெண்பிள்ளை குதிக்கலாமா? உடல் கெட்டுவிடாதா? நாலுபேர் என்ன சொல்வர்? தேயிலை மலையில் ஒரு பெண்ணின் வேலைநாளை உற்றுநோக்கியோர் இவ்வினாவைக் கேட்க நாணுவர். செங்குத்தான நிரையில் ஏறுகிறாள். மழைத் துணியும் படங்குச் சாக்கும் நனைந்து கனக்க, தலைக்கயிற்றிற் கூடை தொங்க, கானுக்குக் கான் தாண்டுகிறாள். நிறை பெறும் வேளையில் பாரத்தோடு மலையிறங்குகிறாள். இருநூறு ஆண்டுகளாக அவள் தாண்டியபோது எந்தப் பெரியவரும் உடல் கெட்டுவிடும் என்று தடுத்ததில்லை. கம்பனியின் கொழுந்துக்காகத் தாண்டினாற் கடமை, தன் மகிழ்ச்சிக்காகத் தாண்டினால் அடக்கமின்மை என்பதா? நாட்டின் அந்நியச் செலாவணியைச் சுமந்தபோது கெடாத உடல், வீட்டுக் கொல்லையில் ஒரு குழாயைத் தாண்டியதும் கெட்டுவிடும் எனில், அக்கேடு உடலில் இல்லை, பார்ப்போர் மனத்திலேயே உள்ளது. பொதுத் திடலுக்குப் பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கும் தாய்க்குங்கூடத் தன் வீட்டுக் கொல்லைப்புறம் கண்பார்வைக்குட்பட்ட இடமாகும். பொதுத் திடலைவிடக் கொல்லைப்புறம் சிறந்துநிற்கும் ஓரிடம் இதுவே.

அரசியல்வாதிகளின் விளையாட்டுப் பற்று தனியே ஆராயத்தக்கது. தேர்தல் நெருங்கும்போது தோட்டத்து இளைஞர் கழகங்களுக்கு மட்டையும் பந்தும் கரப்பந்து வலையும் வந்து சேர்கின்றன. படம் எடுக்கப்படுகிறது. வலையைக் கட்டுவதற்கு இடம் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. கட்டப்படாத வலை காம்பரா மூலையிற் கிடந்து, கோழிக்கூட்டுக்குப் பயன்படுகிறது. இதிற் சட்டத்தின் பங்கும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியிலிருந்து பணியாற்றுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அம்மக்களின் பாதையையோ திடலையோ தொடமுடியாதிருந்தது. 2018இலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டது. 1948இற் பறிக்கப்பட்ட குடியுரிமையை முழுமையாக மீட்க 2003 வரை செல்லவேண்டியிருந்தது. குடிமகனுக்குரிய உள்ளூராட்சிச் சேவையைப் பெற மேலும் பதினைந்து ஆண்டுகள். திருத்தத்துக்குப் பின் சபைகள் தோட்டங்களுக்குள் எத்தனை திடல்களை அமைத்தன என்ற வினாவை, வலை வழங்க வருவோரிடம் இளைஞர்கள் கேட்கவேண்டும்.

பல்கலைக்கழகத்தாரும் இதிலிருந்து தப்பமுடியாது. மலையக இளைஞர் பற்றிய ஆய்வுகளிற் கூலி, வாக்கு, கல்வித் தேர்ச்சி, மதுப்பழக்கம் என்பன அட்டவணைகளாகின்றன. அவர்களின் உடல் நோயாக மட்டுமே அட்டவணைக்குள் நுழைகிறது. மலையகத்திலிருந்து வரும் மாணவர் பலர் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றைப் பல்கலைக்கழகத்திலேதான் முதன்முதலாகக் காண்கின்றனர் என்பது விரிவுரையாளர்க்குத் தெரியும். விடுமுறையில் ஊர் திரும்பும் அம்மாணவர், வீட்டுப் பின்புறத்தில் நான்கு கம்பம் நட்டு, அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு இறங்கவும் உருளவும் கற்பித்தால், மேடையில் வாசிக்கப்படும் பல கட்டுரைகளிலும் (இக்கட்டுரை உட்பட) அது மேலான பணியாகும்.

தனிவீட்டுக் கொல்லைப்புறத்தோடு கோரிக்கை நின்றுவிட முடியாது என்பதும் வெளிப்படை. 7 பேர்ச்சஸ் பெற்றோர் சிறுபான்மையினர். பெரும்பாலோர் இன்னும் லயத்திலேயே உள்ளனர். வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காதோரும் உளர். உறுதியில்லாத நிலத்திற் கம்பம் நடுவதற்கும் தோட்ட நிருவாகத்தின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும். காஸாவின் கான் யூனிஸில் 2000களின் நடுப்பகுதியிலிருந்து பார்க்கூர் பயின்ற இளைஞர்கள் இடிபாடுகளையும் மயான வெளியையும் களமாகக் கொண்டனர். வேறு வெளி இல்லாமையே காரணம். அவர்களின் துணிவைப் போற்றலாம். ஆனால் அந்நிலையை மலையகத்துக்கு இலட்சியமாகக் கொள்ளமுடியாது. இடிபாட்டிற் பயில்வது வேறு, சொந்த மண்ணிற் பயில்வது வேறு.

தோட்ட நிலம் அரசுக்குரியது. 1972இலும் 1975இலும் அது தேசியமயமாயிற்று, 1992இல் முகாமை கம்பனிகளிடம் சென்றது, குத்தகை கைமாறியது. இத்தனை கைமாற்றங்களிலும் அதில் வாழ்ந்த மக்களின் கையை மட்டும் நிலம் அடையவில்லை. 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்து வழங்குவதை எதிர்த்துத் தலவாக்கலை டெவன் தோட்டத்துத் தொழிலாளர் திரண்டபோது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் சிவனு லெட்சுமணன் வீழ்ந்தார். தாம் உழைத்த மண் தம் காலடியிலிருந்து பறிபோகிறதே என்று எழுந்த அம்மக்களுக்கு, அம்மண்ணில் ஒரு பேர்ச்சஸ் நிலந்தானும் சொந்தமாக இருக்கவில்லை.

ஆகவே வீடமைப்புத் திட்டத்தின் வரைபடம் விரிக்கப்படும்போதே கேள்வி எழுப்பப்படவேண்டும். வீடு, நீர், மின்சாரம், பாதை என நான்கு குறிகள் அதில் இடப்படுகின்றன. ஐந்தாவது குறி ஒன்று வேண்டும். ஒவ்வொரு புதிய குடியிருப்பிலும் மண்சரிவு அபாயமற்றதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சான்றுபடுத்திய பொது நிலம் பிள்ளைகளின் பெயரால் ஒதுக்கப்படவேண்டும். வீட்டு நிலத்தோடு சேர்த்து அதற்கும் உறுதி எழுதப்படவேண்டும். அதன் பராமரிப்பு பிரதேச சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறவேண்டும். லயங்களில் இன்னும் வாழ்வோருக்காகப் பிரட்டுக்களத்தில் ஒரு பகுதியை, வேலை நேரம் நீங்கிய பொழுதிலாவது, நிருவாகம் எழுத்து மூலம் விட்டுக்கொடுக்கவேண்டும். தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்த மேசையிற் கூலியை மட்டும் வைத்துப் பேசிவந்துள்ளன. அதே மேசையில் இதனையும் வைக்கட்டும். முடியாது என்று நிருவாகம் கூறுமாயின், பெயர் கூப்பிடுவதற்கு இருநூறு ஆண்டுகளாக இருந்த வெளி, பிள்ளைகள் குதிப்பதற்கு மட்டும் எவ்வாறு இல்லாமற் போயிற்று என்பதற்கு அது எழுத்திலேயே மறுமொழி தரட்டும்.